ஒன்று பலவாகும், பல ஒன்றாகும்

2007-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் பழைய செய்திகளை இணையத்தில் ஏற்ற முனைந்தது. 1851 முதல் 1980 வரை வெளிவந்தவை, மொத்தம் 1 கோடியே 10 லட்சம் செய்திகள். எல்லாமே ஸ்கேன் செய்த படங்கள். ஒரே செய்தி பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும். துண்டுகளைப் பொருத்தி ஒவ்வொரு செய்தியையும் ஒரு பிடிஎஃப் ஆக்க வேண்டும். படங்களின் எடை மட்டும் 4 டெராபைட். நாளிதழின் பொறியாளர் ஒருவர் அமேசானிடம் 100 கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்தார். ஒரு நாளுக்குள் வேலை முடிந்தது. 100 கம்ப்யூட்டர்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைய வாடகை ஒரு கம்ப்யூட்டருக்கு மணிக்கு 10 சென்ட். 24 மணி நேரமும் எல்லாம் ஓடின என்று வைத்துக்கொண்டாலும் 240 டாலருக்கு மேல் போகாது.

மலிவு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே கம்ப்யூட்டரை 100 நாள் ஓட்டியிருந்தாலும் அதே 240 டாலர்தான் ஆகியிருக்கும். சொந்தமாக வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு கிடையாது. அவர் ஒன்றை வாங்கிவிட்டு மூன்று மாதம் காத்திருக்கலாம். அல்லது 100 வாங்கி ஒரு நாள் ஓட்டிவிட்டு மூலையில் அடுக்கலாம். வாடகைக்கு எடுத்தவருக்கோ மூன்று மாதக் காத்திருப்பு ஒரே நாளாகச் சுருங்கியது, அதற்காகக் கூடுதலாக ஒரு காசும் கொடுக்காமல்.

இப்படிக் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுப்பதுதான் கிளவுட். அன்று இது பொறியாளர்களின் விளையாட்டு. இன்று துணிக்கடைக்காரரும் உதிரிபாகத் தொழிற்சாலை நடத்துபவரும் கிளவுட் கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள். ‘2 விசிபியு, 8 ஜிபி ரேம், மும்பை ரீஜன், எஸ்எல்ஏ 99.9%, எக்ரெஸ் தனி’ என்று அதில் இருக்கும். ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்யப் போனால் முடிவே இருக்காது. இந்தத் துறையில் மொத்தம் இரண்டே இரண்டு வித்தைகள்தான் இருக்கின்றன. ஒரு கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டர்கள்போல் நடிக்க வைப்பது ஒன்று. பல கம்ப்யூட்டர்களை ஒரே கம்ப்யூட்டர்போல் நடிக்க வைப்பது மற்றொன்று. ஒரு சொல் எந்த வித்தையைச் சேர்ந்தது என்று பிடிபட்டால், அந்த நடிப்பு எங்கே கலையும், அதற்கு யார் காசு கொடுப்பார் என்பதும் சேர்ந்தே பிடிபடும்.

ஒன்று பலவாவது

முதல் வித்தை கிளவுடைவிட வயதில் மூத்தது. 1960-களில் ஒரு கம்ப்யூட்டரின் விலை லட்சக்கணக்கான டாலர். அதன் முன் உட்கார்ந்து மனிதர் தட்டச்சு செய்தால், இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இயந்திரம் சும்மா இருக்கும். மனிதருக்கு அது கண் இமைக்கும் நேரம். இயந்திரத்துக்கு ஆயிரக்கணக்கான கணக்குகளைப் போட்டு முடிக்கும் அவகாசம். அந்த இடைவெளியில் இன்னொருவர் வேலையை நுழைத்தால் என்ன? அமெரிக்காவின் எம்ஐடி-யில் ஃபெர்னாண்டோ கார்பாட்டோ குழு 1961-இல் இதைச் செய்து காட்டியது. இயந்திரம் ஒவ்வொருவர் வேலையையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்து செய்யும். தனக்கென்றே ஒரு கம்ப்யூட்டர் இருப்பதாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். அதே ஆண்டு, அதே எம்ஐடி-யின் நூற்றாண்டு விழாவில் ஜான் மெக்கார்த்தி, தொலைபேசிபோலக் கணிப்பும் ஒருநாள் பொதுச் சேவை ஆகலாம் என்று பேசினார்.

அடுத்த படியை ஐபிஎம் எடுத்து வைத்தது. வேலைகளைப் பகிர்வதோடு நிற்காமல், இயந்திரத்தையே பகிர்ந்தது. 1972-இல் அது வெளியிட்ட விஎம்/370 மென்பொருள் ஒரே கம்ப்யூட்டருக்குள் பல ‘கம்ப்யூட்டர்’களை உருவாக்கியது. ஒவ்வொன்றுக்கும் தனி இயங்குதளம், தனி நினைவகம், தனி வட்டு. இதற்குப் பெயர் விர்ச்சுவல் மெஷின். அவற்றைக் கட்டி மேய்க்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர்.

பிறகு மேசைக் கம்ப்யூட்டர் காலம் வந்தது. இயந்திரம் மலிவாகிவிட்டதால் பகிர வேண்டிய அவசியம் இருப்பதாக யாருக்கும் படவில்லை. மின்னஞ்சலுக்கு ஒரு சர்வர், கணக்குக்கு ஒன்று, இணையதளத்துக்கு ஒன்று என்று அலுவலகங்கள் வாங்கிக் குவித்தன. பெரும்பாலானவை நாளெல்லாம் மின்சாரத்தைத் தின்றுவிட்டுச் சும்மா கிடந்தன. பழைய வித்தையை இவற்றில் இறக்கலாம் என்றால், உள்ளே இருந்த எக்ஸ்86 சில்லு இடம் கொடுக்கவில்லை. வித்தையின் அச்சாணி இதுதான்: உள்ளே இருக்கும் இயங்குதளம், தான் முழு இயந்திரத்துக்கும் அதிபதி என்ற நினைப்பில் ஓர் அதிகாரக் கட்டளை இடும், உடனே சில்லு அதைத் தடுத்து ஹைப்பர்வைசரிடம் தகவல் சொல்ல வேண்டும். எக்ஸ்86-இல் சில கட்டளைகள் எந்தத் தகவலும் சொல்லாமல் வேறு விடையைத் தந்துவிடும். நடிப்பு அங்கேயே கலைந்துவிடும். 1998-இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம், சிக்கலான கட்டளைகளை ஓடும்போதே கண்டுபிடித்து, ஆபத்தில்லாத கட்டளைகளாக மாற்றி எழுதி இதைத் தாண்டியது. பின்னர் இன்டெலும் ஏஎம்டியும் அந்த வசதியைச் சில்லிலேயே வைத்துவிட்டன. 2006 ஆகஸ்டில் அமேசான் இசி2 என்ற பெயரில் விர்ச்சுவல் மெஷின்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது.

இப்போது கொட்டேஷனின் முதல் வரி தானே திறக்கும். வாடகைக்கு எடுத்த ஒரு விர்ச்சுவல் மெஷின் ஓர் ‘இன்ஸ்டன்ஸ்’. ‘விசிபியு’ என்பது அதற்கு ஒதுக்கிய கணிப்புத் திறன். ‘2 விசிபியு’ என்று பார்த்ததும் இரண்டு முழுச் செயலிகள் என்று எண்ண வேண்டாம். இன்டெல் சில்லுகளில் பெரும்பாலும் அது ஒரே கோரின் இரண்டு இழைகள். மலிவான இன்ஸ்டன்ஸ்களில் இன்னொரு சங்கதியும் உண்டு. சும்மா இருக்கும்போது ‘கிரெடிட்’ சேரும், வேகமாக ஓடும்போது கரையும். தீர்ந்துபோனால் வேகம் குறையும், அல்லது பில் ஏறும். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாளன்று மட்டும் மென்பொருள் நத்தையாக நகர்ந்தால், இந்தக் கிரெடிட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மண்டபமும் சாப்பாடும்

எதுவரை வாடகை, எதற்கு மேல் நம் வேலை? இதற்குத்தான் ஐஏஏஎஸ், பிஏஏஎஸ், எஸ்ஏஏஎஸ் என்று மூன்று பெயர்கள். கல்யாண மண்டபம் பிடிப்பதுபோல. வெறும் மண்டபத்தை எடுத்து, அடுப்பு முதல் பந்திப்பாய் வரை நாமே கொண்டுபோகலாம்: ஐஏஏஎஸ். பாத்திரமும் அடுப்பும் மண்டபத்துடையது, சமையல்காரர் மட்டும் நம்முடையவர்: பிஏஏஎஸ். எல்லாமே காண்ட்ராக்ட், நாம் போய் உட்கார்ந்தால் இலை விழும்: எஸ்ஏஏஎஸ். ஐஏஏஎஸ்-இலிருந்து எஸ்ஏஏஎஸ் நோக்கிப் போகப் போக நம் வேலை குறையும். அதோடு நம் இஷ்டமும் குறையும்.

எஸ்ஏஏஎஸ்-இலும் முதல் வித்தைதான் வேறு தளத்தில் நடக்கிறது. 1999-இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸும், சென்னையில் வளர்ந்த ஜோஹோவும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு மென்பொருள் எழுதித் தருவதில்லை. ஒரே மென்பொருள் ஆயிரமாயிரம் நிறுவனங்களுக்கு, அவரவர் தனிச்சொத்துபோல் தோற்றம் தரும். உள்ளே ஒவ்வொரு தகவலிலும் ‘இது இன்னாருடையது’ என்ற குறி இருக்கும்; அந்தக் குறிதான் பக்கத்து நிறுவனத்தின் லெட்ஜர் உங்கள் திரையில் வராமல் தடுக்கிறது. இதற்கு மல்டி டெனன்சி என்று பெயர். மென்பொருளில் ஒரு பிழையைத் திருத்தினால் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் திருத்தம் போய்ச் சேரும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். ‘டேலி ஆன் கிளவுட்’ என்று பலர் விற்பது பெரும்பாலும் எஸ்ஏஏஎஸ் அல்ல. உங்கள் மேசையில் ஓடும் அதே டேலியை, தூரத்து விர்ச்சுவல் மெஷின் ஒன்றில் நிறுவி, அதன் திரையை உங்களுக்குக் காட்டுவது அது. வசதிதான். ஆனால் அந்த மெஷினின் இயங்குதளத்துக்கு அப்டேட் போடுவது யார், பேக்கப் எடுப்பது யார் என்ற கேள்விகள் அங்கே உயிரோடு இருக்கின்றன. ஜோஹோ புக்ஸ் போன்ற எஸ்ஏஏஎஸ் கணக்கு மென்பொருளில் அப்டேட் கேள்விக்கே இடமில்லை.

கிளவுட் ஓடும் கட்டடமும் கருவியும் பலருக்குப் பொதுவானால் பப்ளிக் கிளவுட். ஒரே நிறுவனத்துக்கு மட்டும் என்றால் பிரைவேட். இரண்டையும் கலந்தால் ஹைப்ரிட். புதிதாகத் தொடங்குபவர் இதில் அதிகம் மூளையைச் செலவிட வேண்டியதில்லை.

பல ஒன்றாவது

இரண்டாவது வித்தை இன்னும் அழகானது. வட்டுகள் கெட்டுப்போகும், அதைத் தடுக்க முடியாது. லட்சக்கணக்கான வட்டுகள் வைத்திருக்கும் நிறுவனத்தில் தினமும் சில சாகும். இருந்தும் அமேசானின் எஸ்3 சேமிப்புக் கிடங்கு, கோப்பு தொலையாமல் இருக்கும் உறுதி 99.999999999% என்கிறது. மொத்தம் பதினொரு ஒன்பதுகள். அமேசான் தரும் கணக்குப்படி, 1 கோடிக் கோப்புகளை வைத்தால், சராசரியாக 10,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கோப்பு தொலையலாம்.

சாகும் வட்டுகளிலிருந்து சாகாத கிடங்கு எப்படி வருகிறது? சின்ன எண்களில் பார்க்கலாம். 5, 7 என்ற இரண்டு எண்களைப் பத்திரப்படுத்த வேண்டும். முதல் வட்டில் 5, இரண்டாவதில் 7. மூன்றாவதில் இரண்டின் கூட்டுத்தொகை 12. இப்போது மூன்றில் எது செத்தாலும் கவலையில்லை. 7 போய்விட்டதா? 12-இல் 5 போனால் 7. ஒவ்வொன்றுக்கும் முழு நகல் எடுத்திருந்தால் நான்கு வட்டுகள் தேவைப்பட்டிருக்கும். இங்கே மூன்றே போதும். இரண்டு வட்டுகள், மூன்று வட்டுகள் ஒரே நேரத்தில் செத்தாலும் மீட்கும்படி இந்தக் கணக்கைப் பெருக்கலாம். அதற்கான வழியை 1960-இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரண்டு கணித அறிஞர்கள் ஒரு சிறு ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள். கீறல் விழுந்த சிடி பாடியதும் அந்தக் கணிதத்தால்தான். கடை வாசலில் ஒட்டிய க்யூஆர் கோட் மூலை கிழிந்திருந்தும் ஸ்கேன் ஆகிறதே, அதுவும் அதனால்தான். இன்று அந்த வகைக் கணக்கைக் கொண்டே கிளவுட் சேமிப்பில் ஒரு கோப்பைத் துண்டாக்கி, கூடுதல் துண்டுகளும் செய்து, வெவ்வேறு வட்டுகளிலும் வெவ்வேறு கட்டடங்களிலும் பரப்பி வைக்கிறார்கள்.

வெவ்வேறு கட்டடங்கள் என்றதும் ‘ரீஜன்’ என்ற சொல் வந்துவிடும். ரீஜன் என்பது ஒரு நகரப் பகுதியில் இருக்கும் டேட்டா சென்டர்களின் கூட்டம். மைக்ரோசாஃப்ட் 2015-இல் சென்னை, மும்பை, புனே பகுதிகளில் ரீஜன்களைத் திறந்தது. அமேசான் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஐதராபாத்திலும், கூகுள் 2017-இல் மும்பையிலும் 2021-இல் டெல்லியிலும் திறந்தன. ஒரு ரீஜனுக்குள் தனித்தனி மின்சாரம், தனித்தனிக் குளிரூட்டல் கொண்ட பிரிவுகள் ‘அவைலபிலிட்டி ஜோன்’கள். அமேசான் தன் ஜோன்களை ஒன்றுக்கொன்று 100 கிலோமீட்டருக்குள் வைக்கிறது.

ஏன் 100? ஒரே வெள்ளத்தில் இரண்டும் மூழ்காமல் இருக்கத் தூரம் வேண்டும். ஆனால் ஒளி அதிகத் தூரத்தைப் பொறுக்காது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 100 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு மில்லி நொடி. ஒரு பில்லைப் பதிவு செய்யும்போது, ‘என்னிடமும் எழுதியாகிவிட்டது’ என்று இரண்டாவது கட்டடம் சொல்லும்வரை முதல் கட்டடம் காத்திருக்க வேண்டும். காத்திருப்பு ஒரு மில்லி நொடி என்றால் இரண்டும் ஒன்றே என்ற நடிப்பு நிற்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் என்றால் நிற்காது.

இந்தக் காத்திருப்புக்குத்தான் ‘லேட்டன்சி’ என்று பெயர். சென்னையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர்: போய்வரக் குறைந்தது 10 மில்லி நொடி. அமெரிக்காவின் வர்ஜீனியா 13,000 கிலோமீட்டருக்கு மேல்: குறைந்தது 130 மில்லி நொடி. ஒரு பக்கம் திறக்கப் பத்துமுறை போய்வர வேண்டியிருந்தால், வர்ஜீனியாவுக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகும். எவ்வளவு பணம் கட்டினாலும் இதைக் குறைக்க முடியாது. ஒளிக்கு விஐபி வரிசை கிடையாது. கொட்டேஷனில் ரீஜன் வர்ஜீனியா என்றால் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் பில்லிங் கவுண்டரில் வரிசை நீளும். சில வகைத் தகவல்களுக்குச் சட்டமே இடத்தைத் தீர்மானிக்கிறது: பணப் பரிவர்த்தனைத் தகவல்கள் இந்தியாவில்தான் சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் உத்தரவிட்டது.

ஒன்பதுகளின் கணக்கு

சேவை இவ்வளவு நேரம் ஓடும் என்று நிறுவனம் தரும் வாக்குதான் எஸ்எல்ஏ. ‘எஸ்எல்ஏ 99.9%’ கிட்டத்தட்ட நூறு என்று தோன்றும். 30 நாள் மாதத்தில் 0.1% என்றால் 43 நிமிடம். சேவை அவ்வளவு நேரம் நின்றாலும் நிறுவனம் வாக்குத் தவறியதாக ஆகாது. 99.99% என்றால் 4 நிமிடம் சொச்சம். உங்கள் மென்பொருளுக்கு ஒரு சர்வரும் ஒரு டேட்டாபேஸும் இரண்டுமே ஓட வேண்டும், ஒவ்வொன்றும் 99.9% என்றால், இரண்டும் சேர்ந்து 99.8%தான். மாறாக, 99% மட்டுமே நம்பத்தக்க இரண்டு சர்வர்களில் ஏதேனும் ஒன்று ஓடினால் போதும் என்று அமைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் விழும் வாய்ப்பு நூற்றில் ஒன்றின் நூற்றில் ஒன்று: 99.99%. சுமாரான இரண்டைச் சேர்த்தால் சிறப்பான ஒன்று கிடைக்கிறது.

கணக்கு சரி, ஒரு நிபந்தனையோடு: இரண்டும் ஒரே காரணத்தால் விழக்கூடாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று தீயில் முழுதாக அழிந்தது. ஒட்டியிருந்த இன்னொன்றின் ஒரு பகுதி எரிந்தது. அதே வளாகத்தின் மற்ற இரண்டும் நிறுத்தப்பட்டன. லட்சக்கணக்கான இணையதளங்கள் முடங்கின. காசு கொடுத்து பேக்கப் வாங்கியிருந்த ஒரு வாடிக்கையாளரின் பேக்கப்பும் அதே கட்டடத்தில்தான் இருந்தது. அவருக்கு நஷ்ட ஈடு தர 2023-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. தகவல் திரும்பி வரவில்லை.

எஸ்எல்ஏ தவறினால் சேவை நிறுவனம் கொடுப்பது பொதுவாக அந்த மாத பில்லில் ஒரு பங்குத் தள்ளுபடி. தீபாவளிக்கு முந்தின நாள் கடை நின்றதால் போன வியாபாரம் அந்தக் கணக்கில் வராது.

தோனி அவுட் ஆனபோது

வாடிக்கையாளர் கூடும்போது இன்ஸ்டன்ஸ்களைக் கூட்டி, குறையும்போது குறைப்பது ‘ஸ்கேலிங்’. தானாக நடந்தால் ‘ஆட்டோ ஸ்கேலிங்’. வருகிறவர்களைப் பல இன்ஸ்டன்ஸ்களுக்குப் பிரித்து அனுப்பி, வெளியே ஒரே முகவரி காட்டுவது ‘லோட் பேலன்சர்’. இரண்டாவது வித்தையின் மேடை நாடகம் இது.

2019 ஜூலையில் இந்தியா – நியூசிலாந்து உலகக் கோப்பை அரையிறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 2 கோடியே 53 லட்சம் பேர். தோனி மட்டை பிடித்திருந்தபோது நிமிடத்துக்கு நிமிடம் கூட்டம் ஏறியது. அவர் ரன் அவுட் ஆனதும் சடசடவென்று சரிந்தது. கூட்டம் குறைந்தால் நிம்மதிதானே என்று நினைப்போம். ஹாட்ஸ்டார் பொறியாளர்கள் பின்னர் விளக்கியது வேறு: ஆட்டம் பார்க்கும்வரை ஒருவருக்கு வீடியோ மட்டும் போனால் போதும். வெறுத்துப்போய் பேக் பட்டனைத் தட்டினால் முகப்புப் பக்கம் திறக்கும். அதற்குப் பட்டியல், பரிந்துரை, கணக்கு விவரம் என்று வேறு சர்வர்கள் வேலை செய்ய வேண்டும். கோடிப் பேர் ஒரே நேரத்தில் சோகத்தில் அந்தப் பட்டனைத் தட்டுவார்கள். புதிய இன்ஸ்டன்ஸ் எழுந்து நிற்க நேரம் பிடிக்கும் என்பதால், ஆட்டோ ஸ்கேலிங்கை நம்பாமல் முன்கூட்டியே சர்வர்களை ஏற்றி வைத்திருந்தார்கள். சிறு கடைக்கும் இதில் பாடம் உண்டு. தள்ளுபடி விற்பனை காலை 10 மணிக்கு என்றால், 9:30-க்கே கூட்டிவைக்கச் சொல்லுங்கள்.

ஸ்கேலிங்கின் கடைசிப் படி ‘சர்வர்லெஸ்’. 2014-இல் அமேசான் லாம்டா என்று அறிமுகமானது. சர்வர் அங்கேயும் உண்டு. உங்கள் பார்வைக்கு வராது. கோரிக்கை வரும்போது மட்டும் உங்கள் நிரல் ஓடும், ஓடிய மில்லி நொடிக்கு மட்டும் பில். யாரும் வராத இரவுக்கு வாடகை இல்லை.

நடிக்காத இரண்டு

இரண்டு வித்தைகளிலும் சேராதவை இரண்டு உண்டு. ஒன்று, பில்லில் புதியவர் கவனிக்காத வரி ‘எக்ரெஸ்’: கிளவுடிலிருந்து தகவலை வெளியே எடுக்கும் கட்டணம். உள்ளே போடுவது பொதுவாக இலவசம். நுழைவு இலவசம், வெளியேறக் கட்டணம் என்றால் யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை. இந்தப் பிடிக்கு ‘வெண்டர் லாக் இன்’ என்று பெயர். 2024-இல் கூகுளும் அமேசானும் மைக்ரோசாஃப்டும் முழுவதுமாக விலகிப் போகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முன்வந்தன.

இன்னொன்று பொறுப்பு. கட்டடம், மின்சாரம், ஹைப்பர்வைசர் அவர்களுடையவை. பாஸ்வேர்டு, யாருக்கு என்ன அனுமதி, தகவல் உங்களுடையவை. இதை ‘ஷேர்டு ரெஸ்பான்சிபிலிட்டி’ என்பார்கள். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கிளவுட் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் ஒருவர் புகுந்து, பணம் கேட்டு மிரட்டி, சர்வர்களையும் தகவல்களையும் பேக்கப்களையும் அழித்தார். நிறுவனம் மூடப்பட்டது. எந்த வட்டும் கெடவில்லை, எந்தக் கட்டடமும் எரியவில்லை. பதினொரு ஒன்பதுகள் வட்டு சாவதற்கு எதிரான உறுதி; உரிமையாளரின் சாவியோடு வந்து ‘அழி’ என்பவருக்கு எதிரானது அல்ல. கிளவுட் அந்தக் கட்டளையையும் பிசகாமல் நிறைவேற்றும்.

ஆகவே பேக்கப் வேறு கணக்கில், வேறு சாவியில், வேறு ஊரில் இருக்க வேண்டும். நுழைய பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இரண்டாவது சோதனையும் வேண்டும். சேவை வாங்கிய முதல் மாதமே ஒரு சோதனை ஓட்டம் கேளுங்கள்: நேற்றைய கணக்கு முழுவதும் போய்விட்டதாக வைத்துக்கொண்டு, பேக்கப்பிலிருந்து மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பில் போடும் நிலைக்கு மறுபடி வர எத்தனை மணி நேரம் ஆகிறதோ, அந்த எண்ணைக் கொட்டேஷனில் எஸ்எல்ஏ-வுக்குப் பக்கத்தில் உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு விலை பேச உட்காரும்போது அந்த எண்தான் உதவும்.